கரண்ட் பில் கட்டத் திணறிய ஊராட்சி காற்றாலை வாங்கியது எப்படி?

கரண்ட் பில் கட்டப் பணம் இல்லை என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கவுண்டரில் போய் தவணை கேட்பார்கள். தெரிந்த ஆளைப் பிடித்துச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியில் லைன்மேன் வந்து பியூசைப் பிடுங்கும் வரை பேசாமல் இருந்து விடுவார்கள்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை ஒட்டியுள்ள ஓடந்துறை ஊராட்சி அப்படிச் செய்யவில்லை. ரூ.1 கோடியே 55 லட்சம் செலவில் சொந்தமாக ஒரு காற்றாலையையே வாங்கி நட்டு விட்டது!

இது நடந்தது 2006-ம் ஆண்டு.

காற்றாலை என்றால் அது நூல் மில் முதலாளிகளும் சிமெண்ட் கம்பெனிக்காரர்களும் வாங்கிப் போடும் சமாசாரம் என்று இருந்த காலம் அது. தெருவிளக்குக்கு பல்பு மாற்றுவதும், உடைந்த குழாய்க்கு வாஷர் போடுவதுமாக இருக்கிற ஒரு கிராம ஊராட்சி அந்த வரிசையில் போய் நின்றது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று சொந்தக் காற்றாலை வைத்துக் கொண்டது நாட்டிலேயே இதுதான் முதல் தடவை என்று அப்போது பேசப்பட்டது.

மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் தினசரி வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த விஷயம் தெரியும் என்பது சந்தேகம்தான். தெரிந்தவர்களும் பாதியைத்தான் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதி வதந்தி!

2 ஆயிரம், 50 ஆயிரம் ஆனது

ஓடந்துறை, நீலகிரி மலையின் அடிவாரத்தில் காரமடை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். பல சின்ன ஊர்கள் சேர்ந்தது ஒரு ஊராட்சி. பக்கத்தில் பவானி ஆறு ஓடுகிறது.

1996-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஆர்.சண்முகம் என்பவர் இங்கு தலைவராக வந்தார். அப்போது ஊராட்சி கட்டிய மின்கட்டணம் மாதம் சுமார் ரூ.2 ஆயிரம்தான். கட்டணம் குறைவு என்றால் சிக்கனமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். செலவு செய்வதற்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். குடத்தைத் தூக்கிக் கொண்டு தண்ணீருக்கு நடக்கிற ஊரில் மோட்டார் ஏது, பில் ஏது?

பிறகு பவானி தண்ணீரை எடுத்து, சுத்தப்படுத்தி, தொட்டியில் ஏற்றி, குழாயில் விடும் குடிநீர்த் திட்டம் வந்தது. தெருவிளக்குகள் கூடின. இலவச வீடுகள் கட்டப்பட்டன. குடிசைகள் போய் காரை வீடுகள் வந்தன. வேலை தேடி, இடம் தேடி வெளியிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள்.

வசதி வந்தது. கூடவே பில்லும் வந்தது!

2 ஆயிரமாக இருந்த மாதக் கட்டணம் சில ஆண்டுகளிலேயே ரூ.50 ஆயிரத்தைத் தொட்டது. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். வீட்டு வரி, குழாய் கட்டணம், அரசாங்கம் தரும் மானியம் ஆகியவற்றை வைத்து வண்டி ஓட்டுகிற ஒரு ஊராட்சிக்கு இது சாதாரணத் தொகை அல்ல.

கடைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். வியாபாரம் பெருகப் பெருக வாடகையும் கரண்டும் கல்லாவில் பாதியைத் தின்றால் எப்படி இருக்கும்? ஆனால் கடைக்காரர் இரண்டு டியூப் லைட்டை அணைத்து வைக்கலாம். ஊராட்சி எதை அணைப்பது? விளக்கை அணைத்தால் பாம்பு பயம். மோட்டாரை நிறுத்தினால் மறுநாள் காலையிலேயே காலிக் குடங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்து விடும்.

மரத்துண்டில் ஓடிய மோட்டார்

முதலில் செய்து பார்த்தது சிறிய வேலைதான். தெருவிளக்குகள் சிலவற்றைச் சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் விளக்குகளாக மாற்றினார்கள்.

அடுத்து 2003-ல் குடிநீர் ஏற்றும் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் சக்தியுள்ள ஒரு எந்திரம் வைத்தார்கள். மரக்கழிவை எரிவாயுவாக மாற்றி என்ஜினை ஓட்டும் எந்திரம் அது.

விறகை நன்றாகக் காற்று விட்டு எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்து, மூடிய கலத்துக்குள் புகைய விட்டால் எரியக்கூடிய வாயு வெளியே வரும். அதைச் சுத்தப்படுத்தி என்ஜினுக்குக் கொடுத்தால் டீசல் போலவே ஓடும். இரண்டாவது உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது நம் ஊர் பஸ்களே கரி வாயுவில் ஓடின. பெரியவர்களைக் கேட்டால், பஸ்சுக்குப் பின்னால் கட்டியிருந்த கரி அடுப்பைப் பற்றி அவர்களுடைய அப்பாக்கள் சொன்ன கதைகளைச் சொல்வார்கள். அதே வித்தைதான் இது.

மரம் அறுக்கும் தொழில் நடக்கிற மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் மரக்கழிவுக்குப் பஞ்சம் இல்லை. மின்சாரத்தில் தண்ணீர் ஏற்றுவதற்கு ஆன செலவில் பாதிக்கும் குறைவாகவே இதில் ஆனது.

ஆனால் 9 கிலோவாட் ஒரு மோட்டாருக்குத்தான் காணும். ஊர் முழுவதற்கும் ஓடுகிற மோட்டார்கள், எரிகிற விளக்குகள் எல்லாவற்றுக்குமாக ஆண்டுக்குத் தேவைப்பட்டது சுமார் 4½ லட்சம் யூனிட்! அதற்கு விறகு போட்டுக் கட்டுப்படியாகுமா?

ஊரில் காற்று இல்லை!

அப்போதுதான் காற்றாலை யோசனை வந்தது. யோசனை சரி, ஆனால் அதில் ஒரு பெரிய சங்கடம். ஓடந்துறையில் காற்றாலை நட்டுப் பிரயோஜனம் இல்லை.

மலை அடிவாரம் என்றால் சிலுசிலு என்று காற்று வருமே என்று கேட்கலாம். சிலுசிலு காற்று சட்டையில் வேர்வை காய்வதற்குச் சரி. எந்திரம் சுற்றுவதற்குப் போதாது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்திலிருந்து வருகிறது. அதை நீலகிரி மலை குறுக்கே நின்று மறித்துக் கொள்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற ஊருக்கு மிச்சக் காற்றுதான்.

வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் அறுந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் முப்பது, நாற்பது கிலோமீட்டர். பருவக்காற்று முழுக்க இந்த வாசலில் முட்டி மோதிக் கொண்டு நுழைகிறது. பஸ் நிலையத்தில் ஒரே கதவு வழியாக எல்லோரும் ஏறும்போது இருக்கிற வேகம்! அந்த வேகத்தோடு வந்து விழுகிற இடங்கள்தான் பல்லடமும் உடுமலையும்.

காற்று இரண்டு மடங்கு வேகமாக வீசினால் கிடைக்கும் சக்தி இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு. ஆகையால் காற்று கொஞ்சம் குறைந்த ஊரில் நடப்பதும், நல்ல காற்று உள்ள ஊரில் நடப்பதும் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

எனவே ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் நடப்படவில்லை. உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நடப்பட்டது. கோவை வழியாகப் போனால் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி! அப்போது அதுவும் கோவை மாவட்டம்தான். 2009-ல்தான் உடுமலை புதிதாகப் பிறந்த திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது.

ஊர்க் காசை நூறு கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொண்டுபோய் நடுவது என்றால் சும்மாவா? பாலமோ, பள்ளிக்கூடச் சுவரோ கட்டினால் ஓட்டுப் போட்டவன் தினமும் பார்ப்பான். காற்றாலையைப் பார்க்க அவன் உடுமலைக்கு பஸ் ஏற வேண்டும்.

ரூ.1 கோடியே 15 லட்சம் கடன்

வாங்கியது 350 கிலோவாட் எந்திரம். விலை ரூ.1 கோடியே 55 லட்சம். இதில் ரூ.40 லட்சம் ஊராட்சி சேர்த்து வைத்திருந்த பணம். மீதி ரூ.1 கோடியே 15 லட்சத்துக்கு வங்கிக் கடன்.

ஒரு கிராம ஊராட்சி 40 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தது என்பதே ஆச்சரியம்தான். பல ஊராட்சிகளில் வருடக் கடைசியில் தணிக்கைக்காரர் வரும்போது டீ வாங்கித் தரவும் வேறு கணக்கில் கைவைக்க வேண்டியிருக்கும்.

அதைவிட ஆச்சரியம் கடன் வாங்கத் துணிந்தது. ஒரு குமாஸ்தா வீட்டுக்கடன் வாங்கினால் அவர் சம்பளத்தில் பிடித்துக் கொள்வார்கள். கடைக்காரர் வாங்கினால் சரக்கு இருக்கிறது. ஊராட்சி வாங்குகிற கடனுக்கு யார் பொறுப்பு? தலைவர் ஐந்து வருடத்தில் போய்விடுவார். கடன் அவரோடு போகாது. காற்று வீசாமல் ஒரு சீசன் ஏமாற்றினாலும் வங்கிக்கு மாதத் தவணை கட்டியாக வேண்டும். ஏற்கெனவே கழுத்தை நெரித்த கரண்ட் பில்லோடு கடன் தவணையும் சேர்ந்திருந்தால் ஓடந்துறையின் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். அப்போது சந்தி சிரித்திருக்கும். யாரும் பாராட்ட வந்திருக்க மாட்டார்கள்.

சண்முகம் 2006 வரை இரண்டு முறை தலைவராக இருந்தார். அதற்குப் பிறகு தலைவராக வந்தவர் அவருடைய மனைவி லிங்கம்மாள். போட்ட திட்டம் நடுவில் கைவிடப்படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம். அதே சமயம், ஆள் மாறினால் நிற்குமா என்ற கேள்விக்கு ஓடந்துறை முழு விடை சொல்லிவிட்டதாகவும் எடுத்துக் கொள்ள முடியாது.

யூனிட் கணக்கு

கணக்கில் ஆர்வம் உள்ளவர்கள் பென்சிலை எடுத்துக் கொள்ளலாம்.

350 கிலோவாட் எந்திரம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால் 350 யூனிட். ஓடந்துறை காற்றாலையின் ஆண்டு உற்பத்தியாகச் சொல்லப்பட்டது 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட். வகுத்துப் பார்த்தால் சுமார் 1,930 மணி நேரம். அதாவது 80 நாள்!

வருடத்துக்கு 365 நாள் இருக்க, 80 நாள்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். உண்மையில் எந்திரம் அதிக நாள் சுற்றும், ஆனால் பாதி வேகம், கால் வேகம். எல்லாவற்றையும் கூட்டி முழு வேகமாக மாற்றினால் 80 நாளுக்குச் சமம். காற்றாலைத் தொழிலில் இது நல்ல கணக்குதான்.

அதிலும் பெரும்பகுதி மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆடியில் உடுமலைப் பக்கம் மீட்டர் பறக்கும். மார்கழியில் அதே இறக்கைகள் கூலிக்கு ஆள் வராத சந்தை போலச் சோர்ந்து நிற்கும்.

6¾ லட்சம் யூனிட்டில் ஊராட்சியின் தேவை 4½ லட்சம். உபரி 2¼ லட்சம் யூனிட்.

இதனால் ஆண்டுக்கு ரூ.19 லட்சம் வருமானம் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. உபரியை மட்டும் விற்றே 19 லட்சம் என்று சிலர் எழுதியும் விட்டார்கள். அது பொருந்தவில்லை. 2006-ல் புதிய காற்றாலைகளுக்கு மின்வாரியம் கொடுத்த விலை யூனிட்டுக்கு 3 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. அந்த விலையில் மொத்தம் 6¾ லட்சம் யூனிட்டையும் பெருக்கினால்தான் 19 லட்சம் வருகிறது. உபரிக்கு மட்டும் என்றால் 6½ லட்சம்தான். எனவே 19 லட்சம் என்பது எந்திரத்தின் மொத்தச் சம்பாத்தியம். அதில் ஊராட்சியின் கரண்ட் பில்லைக் கழித்துத்தான் மிச்சம் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தாலும் மோசம் இல்லை. 1 கோடியே 15 லட்சம் கடனை 19 லட்சத்தால் வகுத்தால் ஆறு வருடம். வட்டி, பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் இன்னும் சில வருடம் கூடும். அதன் பிறகு காற்று கொடுப்பதெல்லாம் ஊருக்கு.

வீட்டுக்கு இலவச கரண்டா?

"ஓடந்துறையில் யாரும் கரண்ட் பில்லே கட்டுவதில்லையாமே! ஊரே சொந்த கரண்டில் எரிகிறதாமே!"

கைபேசியில் இப்படி ஒரு செய்தி வருடக்கணக்கில் சுற்றிக் கொண்டிருக்கிறது. படிப்பவர்களுக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் விஷயம் அப்படி அல்ல.

மைவாடியிலிருந்து ஓடந்துறைக்குத் தனியாகக் கம்பி எதுவும் இழுக்கப்படவில்லை. காற்றாலையில் பிறக்கும் மின்சாரம் அங்கேயே மின்வாரியத்தின் கம்பியில் ஏறிவிடும். ஏறியது எத்தனை யூனிட் என்று மீட்டர் சொல்லும். அதற்கு வாரியம் கணக்கு வைக்கும். ஓடந்துறையில் எரிவது எல்லா ஊர்களிலும் எரிகிற அதே வாரிய மின்சாரம்தான்.

உடுமலை வங்கியில் ஒருவர் பணம் கட்டுகிறார், அவர் மகன் மேட்டுப்பாளையம் கிளையில் எடுக்கிறான். அதே நோட்டா கைக்கு வருகிறது? இல்லையே. அதுபோலத்தான்.

மிச்சமானது ஊராட்சியின் பொதுச் செலவு. அதாவது தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் பில். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு மீட்டருக்கு எல்லோரையும் போலவே நடந்து கொள்ள வேண்டியதுதான். 2011-ல் வந்த முதல்வரின் பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடு கட்டிக் கொண்டவர்களுக்கு மட்டும் சூரிய விளக்குகள் கிடைத்தன. அது தமிழ்நாடு முழுவதற்கும் வந்த திட்டம். காற்றாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வதந்தியில் வரும் ஓடந்துறையைவிட உண்மையான ஓடந்துறைதான் மற்ற ஊர்களுக்குப் பயன்படும். மந்திரத்தில் மாங்காய் விழுந்த கதை என்றால் அதைக் கேட்டு யாருக்கு என்ன லாபம்? இது வரவு செலவுக் கணக்கு. எந்த ஊராட்சி குமாஸ்தாவும் போட்டுப் பார்க்கலாம்.

மற்ற ஊர்கள் ஏன் செய்யவில்லை?

ஓடந்துறையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். உலக வங்கி அதிகாரிகள் வந்தார்கள். வேறு மாநிலத்துப் பஞ்சாயத்துத் தலைவர்கள் பஸ் பஸ்சாக வந்து இறங்கினார்கள். குறிப்பு எழுதிக் கொண்டார்கள். போட்டோ எடுத்துக் கொண்டார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காற்றாலை வாங்கிவிடவில்லை.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கையில் சேமிப்பு இல்லை. சேமிப்பு இருந்தாலும் தீர்மானம், மேலிடத்து அனுமதி, வங்கி, மின்வாரியம் என்று ஏறி இறங்க ஒரு தலைவரின் பாதிப் பதவிக்காலம் போய்விடும். பலன் வருவதோ அடுத்தவர் காலத்தில். இப்போது காற்று நன்றாக வீசும் இடங்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது.

அதனால் இப்போது உள்ளாட்சிகள் அண்ணாந்து பார்ப்பது சூரியனைத்தான். சொந்தக் கட்டிடத்தின் மொட்டை மாடி போதும். கோவை மாநகராட்சி உக்கடம் பெரியகுளத்தில் தண்ணீர் மேலேயே 154 கிலோவாட் மிதக்கும் சூரியத் தகடுகளைப் போட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு உதவியும் இதற்குக் கிடைத்தது. குளத்து மேடையில் மாலை நடைக்குப் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். அங்கே கடன் பயம் குறைவு. நிலம் வாங்கும் செலவும் இல்லை, குளம் நம்முடையது.

20 வயது

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியம் பரீட்சார்த்தமாகக் காற்றாலைகளை நட்டபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலை சக்தி 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மின்வாரியமும் 2010-ல் ஒரு பெயர், 2024-ல் இன்னொரு பெயர் என்று மாறிவிட்டது. ஜனங்களுக்கு என்னவோ அது இன்னும் ஈ.பி.தான்.

ஒரு காற்றாலைக்கு 20 முதல் 25 வருடம் ஆயுசு என்பார்கள். ஓடந்துறை எந்திரத்துக்கு 2026-ல் 20 வயது நிறைகிறது. பழைய சின்ன எந்திரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியதாக நடுவதற்கும், பழுது பார்த்து ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கையை அறிவித்தது. இப்போது புதிதாக நடப்படும் எந்திரங்கள் 2 ஆயிரம், 3 ஆயிரம் கிலோவாட். 350 கிலோவாட் எந்திரம் அவற்றின் பக்கத்தில் நின்றால் லாரிக்குப் பக்கத்தில் நிற்கும் மொபெட் போலத்தான் இருக்கும்.

பெரிய எந்திரம் என்றால் விலையும் பல கோடி. மறுபடி சேமிப்பு, மறுபடி வங்கி, மறுபடி தவணை. இல்லையென்றால் இருப்பதையே எண்ணெய் போட்டு, இறக்கை மாற்றி ஓட்டும் வரை ஓட்ட வேண்டும்.

எதைச் செய்வதாக இருந்தாலும் ஆடி பிறப்பதற்கு முன்பு முடித்துவிட வேண்டும். சீசனில் ஒரு நாள் எந்திரம் நின்றால், முழுக் காற்று அடிக்கிற நாளாக இருந்தால், 8,400 யூனிட் போச்சு!